முதுகுப் பக்கத்துக் குரல்

கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை ரொம்ப உயரமாக இருக்கிறாரே, பக்கத்தில் நின்றால் நம் பெண் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தெரிவாளே என்று தயங்கினார். அதே வாரம் கூடைப்பந்து கிளப்பின் மேலாளர், ஆள் ரொம்பக் குட்டையாக இருக்கிறானே என்று தயங்கினார். இரண்டு இடத்திலும் கடைசியில் சரி என்றுதான் சொன்னார்கள். மாமனார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கிளப்பில் ஒவ்வொரு வருடமும் எடுத்தார்கள்.

ஆறடி நாலு அங்குலம். பேருந்தில் ஏறினால் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். வீட்டுக் குளியலறை நிலைப்படியில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு காய்ப்பே வந்திருந்தது. ஆனால் அவன் பிழைப்பு வளையத்துக்கு அடியில். அங்கே மற்ற அணிகளில் நிற்பவர்கள் ஏழடியை எட்டிப் பிடிக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் அவன் கட்டை. பெயரும் அதுவாகவே ஆகிப்போனது. கோச்சிலிருந்து சட்டை துவைத்துப் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவன் கட்டைதான்.

கட்டை பந்து போட்டு ஜெயித்த ஆட்டம் என்று எதையும் சொல்ல முடியாது. அவன் வேலை வேறு. எதிரணியின் உயரமான ஆள் வளையத்துக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க ஆசைப்படுவானோ, அந்த இடத்தில் இவன் முன்னாடியே போய் நின்றிருப்பான். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அவனை மெல்ல மெல்ல வெளியே நெட்டித் தள்ளுவான். எவ்வளவு உயரமானவனாக இருந்தாலும் இரண்டு எட்டு வெளியே போய்விட்டால் அந்த உயரத்தில் பாதி வீண். வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்தையும் இவன் பிடிக்க மாட்டான். பிடிக்க வேண்டியவனைக் குதிக்க விடாமல் முதுகால் பூட்டி வைத்திருப்பான். பந்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள், கைதட்டல் அவர்களுக்குப் போகும். கட்டைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. அவன் பேசுவான்.

எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவனை மறிப்பது குருவியின் வேலை. குருவி அணியிலேயே சின்னவன், வயதிலும் உருவத்திலும். பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்னோக்கியே ஓடிக்கொண்டிருப்பான். அவனைக் கழற்றிவிட எதிரணிக்காரர்கள் தங்கள் ஆள் ஒருவனை அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். ஆட்ட விதிப்படி அதில் தப்பே இல்லை. பின்னால் சுவர் இருப்பது தெரியாமல் போய் மோதினால், ஓடுகிற வேகம் முழுக்கத் தன் உடம்பிலேயே திரும்பி இறங்கும்.

களம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பவன் கடைசி ஆள்தான். அதனால் கட்டை ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பான். "வலது" என்றால் வலப்பக்கம் சுவர் வருகிறது. "இடது" என்றால் இடப்பக்கம். "நான் இருக்கேன்" என்றால், உன்னைத் தாண்டிப் போனால் போகட்டும், பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். குருவி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. குரல் வந்த மறுநொடி அவன் உடம்பு வளைந்து சுவரை உரசிக்கொண்டு வெளியே வந்துவிடும். குருவி வந்த பிறகு நாலு சீசன் அப்படி ஆடினார்கள்.

ஆட்டத்துக்கு வெளியிலும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். குருவிக்குக் கல்யாணம் ஆகும்வரை பாதி நாள் சாப்பாடு கட்டையின் வீட்டில்தான். கட்டையின் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்ததும், என் மச்சினருக்குப் பசி வந்துவிட்டதா என்று வாசலிலேயே கேட்பாள். மகளுக்குக் குருவி சித்தப்பா. குருவி தோளில் ஏறிக்கொண்டால் எட்டாத இடமெல்லாம் அப்பா தோளில் எட்டும் என்று தெரிந்திருந்தும் அவள் சித்தப்பா தோளில்தான் ஏறுவாள்.

நாலாவது சீசனில் அரையிறுதியில் தோற்றார்கள். எதிரணியின் ஏழடிக்காரன் கடைசிக் கட்டத்தில் கட்டையின் தலைக்கு மேலாக மூன்று பந்துகளை அடுத்தடுத்துப் போட்டுவிட்டான். கிளப்பில் அந்த மூன்று பந்துகளையும் திரையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். புதிதாக வந்த கோச்சுக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நெட்டையன் ஒருவனை எடுத்தால் தீர்ந்தது விஷயம் என்றார்.

மேலாளர் கட்டையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"உன் மேல குறை ஒண்ணும் இல்லப்பா. உயரம்தான்."

கட்டை, "அந்த மூணு பந்து உள்ள போனதப் பாத்தீங்க. இத்தன வருஷத்துல உள்ள போகாத பந்தப் பாத்தீங்களா சார்?" என்றான்.

"போகாத பந்த நான் எங்கப்பா போட்டுக் காட்டுறது?" என்றார் மேலாளர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு வழி தெரியவில்லை.

அந்த வருடம் கட்டையைக் கூப்பிட்டது ஒரே ஒரு அணிதான். பட்டியலின் அடியில் கிடந்த அணி. ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம். மனைவிக்கு வேலை இங்கே, மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. ஒரு வருடம்தானே என்று பேசி முடிவு செய்து அவன் மட்டும் போனான். ரயிலடிக்குக் குருவியும் வந்திருந்தான். வண்டி நகரும்வரை புது ஷூ கடிக்கிறது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

புது ஊரில் ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை கிடைத்தது. கீழே நாளெல்லாம் இயந்திரங்கள் ஓடும். தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். கட்டில் போதாமல் கால்மாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டிக்கொள்வான். சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வீடியோ கால். மகள் விழுந்த பல்லைக் காட்டுவாள், புதுப் பல்லைக் காட்டுவாள். மனைவி அன்றைக்கு வந்த வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். போனை வைத்த பிறகுதான் அறை எவ்வளவு சின்னது என்று தெரியும். அவள் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூள்கூட அவனுக்கு நினைவு வந்தது. வீட்டில் இருந்தபோது, கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா என்று அதற்காகச் சலித்துக்கொண்டவன்தான்.

குருவியை நினைப்பது இன்னொரு வகையாக இருந்தது. அது களத்தில் வரும். புது அணியிலும் அவன் கத்தத்தான் செய்தான். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. "வலது" என்றால் காதில் விழும், யோசிப்பார்கள், தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், அப்புறம் வளைவார்கள். அதற்குள் ஆள் போயிருப்பான். சொல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளிதான் கட்டையை வாட்டியது. சொல்லி முடிக்கும் முன்பே வளைந்துவிடுகிற ஒரு முதுகைத் தேடி அவன் கண் அலைந்தது.

பழைய கிளப்பின் ஆட்டங்களைச் சலவைக் கடைத் தொலைக்காட்சியில் பார்ப்பான். புதிதாக எடுத்த நெட்டையன் நன்றாகவே ஆடினான். குதிக்காமலே பந்தை வளையத்தில் வைப்பான், படம் எடுக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தேமே என்று நிற்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதிலிருந்து யாரும் அவனிடம் உயரத்தைத் தவிர எதையும் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் கடையில் கூட்டம். விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பக்கத்தில், ஈரத் துணிக் கூடையின் மேல் உட்கார்ந்து கட்டை ஆட்டம் பார்த்தான். குருவி பந்துக்காரனை மறித்தபடி பின்னால் ஓடி வந்தான். எதிரணியின் தடியன் ஒருவன் அவனுக்கு இடப்பக்கமாக வந்து காலை ஊன்றுவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. நெட்டையன் பார்த்துக்கொண்டு நின்றான்.

கட்டை எழுந்து நின்று, "இடது, இடது" என்று கத்தினான்.

குருவி அந்தச் சுவரில் முழு வேகத்தில் போய் மோதினான். இடது தோள் முதலில் பட்டது. தரையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. கடையில் எல்லோரும் கட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். துணி மடிக்கிற பெண் மெதுவாக, "உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டாள். கட்டை ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

தோள்மூட்டு நழுவி, தசைநாரும் கிழிந்திருந்தது. மறுநாள் குருவியே ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்றெல்லாம் விசாரித்தான். கடைசியில் குருவி சொன்னான்: "நீ போனதுக்கப்புறம் களத்துல சத்தமே இல்லண்ணே. ஜனங்க கத்துறாங்க, கோச் கத்துறாரு, பாட்டு போடுறாங்க. ஆனா சத்தமே இல்ல."

"நான் இங்கேருந்து கத்துனேன்டா" என்றான் கட்டை.

"தெரியும்" என்றான் குருவி. எப்படித் தெரியும் என்று கட்டை கேட்கவில்லை.

சீசன் முடிகிற சமயத்தில் இரண்டு அணிகளும் மோத வேண்டி வந்தது, கட்டையின் புது ஊரில். குருவி தோளில் போட்டிருந்த பேண்டேஜை அவிழ்த்துவிட்டுக் களத்துக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது கட்டைக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு, புது அணியின் கோச் ஆட்டத் திட்டத்தைச் சொல்லும்வரைதான். இந்த ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். அதனால் கோச் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். குருவி இப்போது பயந்து பயந்து ஆடுகிறான், அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான், ஆட்டத்தின் முதல் பாதியிலிருந்தே அவன் இடப்பக்கம் ஸ்கிரீன் போட வேண்டும். போட வேண்டியவன் கட்டை.

அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அணியில் அகலமான ஆள் அவன்தான். இத்தனை வருடமாக அந்தச் சுவர் வருகிறது என்று கத்தினவன், இன்றைக்குச் சுவராகப் போய் நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மனைவியிடம் போனில் சொன்னபோது அவள், நீங்கள் நிற்காவிட்டால் வேறு யாரையாவது நிறுத்துவார்கள், அவன் இதைவிட முரடனாக இருப்பான் என்றாள்.

ஆட்டத்துக்கு முன் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். குருவி இளைத்திருந்தான். அண்ணியிடம் உன்னைப் பார்த்தேன் என்று சொல்கிறேன் என்றான். விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் ஸ்கிரீனை ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போட வேண்டி வந்தது. கட்டை சத்தமில்லாமல் போய்க் காலை அகட்டி ஊன்றினான். கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டான். குருவி வந்து மோதிக் கீழே உட்கார்ந்தான். எழுந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. இடது கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் போட்டே, அண்ணே" என்றான். அதில் குத்தல் இல்லை. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் சொல்வது மாதிரி சொன்னான். அதுதான் கட்டையால் தாங்க முடியாமல் இருந்தது.

இரண்டாவது பாதியில் அதே திட்டத்துக்குக் கோச் விரலைக் காட்டினார். கட்டை போனான். குருவியின் முதுகு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது, பின்னோக்கி, வேகமாக. நாலு வருடமாக அவன் பார்த்துப் பழகிய முதுகு. பட்டை போட்டுக் கட்டியிருந்த தோள் சட்டைக்கு அடியில் புடைத்துத் தெரிந்தது. கட்டை காலை ஊன்றினான், கையைக் கட்டினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். வாய் மட்டும் அவன் சொல்கேட்கவில்லை.

"இடது."

குருவி யோசிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு வளைந்தது. கட்டையின் வயிற்றை உரசிக்கொண்டு வெளியே வந்து, பந்தைப் பறித்துக்கொண்டு, ஆளில்லாத களத்தில் தனியாக ஓடிப்போய் வளையத்தில் போட்டுவிட்டு நின்றான். அப்போதுதான் என்ன நடந்தது என்று அவனுக்கே புரிந்தது. அங்கிருந்தே கட்டையைப் பார்த்தான். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத முகம். கட்டைக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

கோச் அவனை வெளியே கூப்பிட்டு, "யாருக்குய்யா ஆடுற நீ?" என்றார். கட்டை, தப்புதான் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் அவனுக்கு இடம்விடுகிற சாக்கில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. கீழ்ப்பிரிவுக்குப் போனால் இவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வருடம் ஆட்டம் கிடையாது.

ஆனால் கட்டை வெளியே வந்ததும் நெட்டையனுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. தனக்குப் பிடித்த இடத்தில் ஆற அமர நின்றுகொண்டு, வந்த பந்தையெல்லாம் உள்ளே போட்டான். அவனை மறிக்கப் போனவன் கட்டையைவிட உயரமானவன்தான். என்ன புண்ணியம், நெட்டையன் வந்து நின்ற பிறகுதான் இவன் போய்ச் சேர்ந்தான். பின்னாலிருந்து யாரும் குரல் கொடுக்காததால் மற்ற நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சேர்த்து வைத்திருந்த முன்னிலை கரைந்து போவதைக் கோச் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம்தான் தாங்கினார். பிறகு கட்டையின் முன்னால் வந்து குனிந்தார்.

"நம்ம கையில பந்து இருக்கறப்ப வாய மூடு. அவங்க கையில இருக்கறப்பத் திற. புரியுதா?"

புரிந்தது. அதன் பிறகு நெட்டையன் தனக்குப் பிடித்த இடத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போகிற இடமெல்லாம் அந்த இடுப்பு முன்னால் வந்து நின்றது. இரண்டு எட்டு வெளியே, சில சமயம் மூன்று எட்டு வெளியே நின்றுதான் பந்தை வாங்க முடிந்தது. கடைசியாக அவன் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு எகிறியது. கட்டை அவனை முதுகால் பூட்டிக்கொண்டு நிற்க, அணியின் இளையவன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். இளையவனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். கட்டை தண்ணீர்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களில் ஒருவன் வந்து அதைக் கையில் கொடுத்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

எதிரணியின் பேருந்து கிளம்பும் முன் குருவி அவனைத் தேடி வந்தான். அரங்கத்தின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். தோளைப் பற்றிக் கட்டை மன்னிப்பு கேட்கப் போனபோது குருவி கையை அசைத்துத் தடுத்துவிட்டான். டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இந்த சீசனோடு சரி என்றான். இன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம், நீ ஆடுகிறாய் என்றுதான் வந்தேன் என்றான்.

"அந்த ஒரு பந்துண்ணே" என்று ஆரம்பித்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு."

"எனக்கும்தான்டா" என்றான் கட்டை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

அந்தக் கோடையில் பழைய மேலாளரே போன் செய்தார். அந்த ஆட்டத்தின் படத்தைப் பார்த்தாராம். கட்டை பெஞ்சில் இருந்த நேரத்தையும் உள்ளே இருந்த நேரத்தையும் தனித்தனியாக வெட்டி ஓட்டிப் பார்த்தாராம். திரும்பி வர முடியுமா, நெட்டையனையும் வைத்துக்கொள்கிறோம், இரண்டு பேரையும் சேர்த்து ஆடவைக்கலாம் என்றார். கட்டை யோசிக்க நேரம் கேட்கவில்லை. சலவைக் கடைக்காரர் அவன் விரிப்புகளைக் கடைசியாக ஒரு தடவை துவைத்து, மடித்து, கயிறு போட்டுக் கொடுத்தார்.

வீடு வந்தது, மனைவி வந்தாள், மகள் ஒரு விரல் உயரம் வளர்ந்திருந்தாள். பழைய களம், பழைய அலமாரி. குருவி மட்டும் இல்லை. மனைவியின் ஊருக்குக் குடிபோய், மாமனாரின் டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். அவன் இடத்துக்கு ஒரு புது ஆள் வந்திருந்தான். வேகமானவன், மரியாதை தெரிந்தவன். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கட்டையிடம் வந்து, தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்து கத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா, கவனம் சிதறுகிறது என்று கேட்டான். கட்டைக்குக் கோபம் வரவில்லை. பழகிடும் தம்பி என்றான். நெட்டையன் மட்டும், அந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் கையை வைத்தபடி வெறுமனே இருந்தான். மகள் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி கரண்டியோடு வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க இருந்தப்ப என்னைய நெனச்சும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்தீங்களா?"

கட்டை நிமிர்ந்து பார்த்தான். "ஆமா" என்றான்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை மூடியிருக்கும், மச்சினரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், போகிற ரயிலில் உட்கார்ந்து இந்த மூஞ்சியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரம் எனக்கு என்றாள்.